நிக்காஹ் ஏடு யார் கையில்?

1847இல் பம்பாயில் கோஜா சமூகத்துப் பெண்கள் தகப்பனார் சொத்தில் பங்கு கேட்டு நீதிமன்றம் ஏறினார்கள். அவர்கள் காட்டிய ஆதாரம் குர்ஆன். மகளுக்கு இன்ன பங்கு என்று நான்காம் அத்தியாயம் அளவோடு சொல்லியிருக்கிறது, அதைக் கொடுங்கள் என்பதுதான் வழக்கு. நீதிபதி எர்ஸ்கின் பெர்ரி மறுத்துவிட்டார். கோஜாக்களும் அவர்களைப் போன்ற மேமன் சமூகத்தாரும் மதத்தால் முஸ்லிம்களே. ஆனாலும் மகள்களுக்குச் சொத்து தராத பழைய வழக்கத்தைத்தான் தலைமுறைகளாகக் கைக்கொண்டு வருகிறார்கள், அந்த வழக்கமே செல்லும் என்று தீர்ப்பானது. நூல் கொடுத்ததைச் சமூகம் மறுத்தது. சமூகம் மறுத்ததை ஆங்கிலேய நீதிபதி சட்டமாக்கினார்.

இஸ்லாத்தில் பெண்ணின் நிலை என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த வழக்குதான். இந்தப் பொருளில் தமிழில் வரும் எழுத்து பெரும்பாலும் இரண்டு மேடைகளில் நின்று பேசுகிறது. ஒரு மேடையில், கதீஜா நாயகி வணிகம் செய்தார், ஆயிஷா நாயகி ஆண்களுக்கே ஹதீஸ் கற்பித்தார், ஏழாம் நூற்றாண்டிலேயே பெண்ணுக்குச் சொத்துரிமை வந்துவிட்டது என்பார்கள். மற்ற மேடையில் பர்தா, முத்தலாக், நான்கு மனைவி என்று சொல்லி முடித்துவிடுவார்கள். முதல் மேடை சொல்வது உண்மை. அந்த உரிமை இன்று ஒரு பெண்ணின் கைக்கு எப்படி வந்து சேரும் என்பதை மட்டும் அது சொல்வதில்லை. இரண்டாம் மேடையிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் எதைக் கேட்டு எந்தப் படியேறினாள் என்று விசாரிக்க அதற்குப் பொறுமையில்லை. ஆகவே நான் வேறொரு அளவுகோலை எடுத்துக்கொள்கிறேன். தனக்கு உண்டென்று மார்க்கம் சொல்லும் ஒன்றை ஒரு பெண் கேட்டுப் போகும்போது அது கிடைக்கிறதா? கிடைக்காவிட்டால் குறுக்கே நிற்பவர் யார்? இதை அளந்து பார்க்க மும்பை நல்ல இடம். நூற்றெழுபது ஆண்டுகளுக்கும் மேலாக முஸ்லிம் பெண்கள் இந்த ஊரில் வழக்காடி வருகிறார்கள்.

முதலில் நூலின் கணக்கைப் பார்த்துவிடலாம். மணமகன் தரும் மஹர் மணப்பெண்ணுக்கே உரியது, அவள் தகப்பனுக்கு அதில் பங்கில்லை. அவள் சம்பாதித்தது அவளுடையது. தாய், மனைவி, மகள், சகோதரி என்ற ஒவ்வொரு நிலையிலும் அவளுக்கு வாரிசுப் பங்கு உண்டு. ஒத்துவராத கணவனிடமிருந்து விலகிக்கொள்ள குலா என்ற வழியும் உண்டு. இங்கிலாந்தில் மணமான பெண் தன் பெயரில் தனிச்சொத்து வைத்துக்கொள்ள 1882ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது. இந்து மகளுக்குத் தகப்பன் சொத்தில் வாரிசுரிமை 1956இல் சட்டமானது. பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுக்க 2005இலும்தான் வந்தது. நூல் தந்த இந்த வரவைச் சிறிதென்று யாரும் தள்ளிவிட முடியாது.

அதேபோல மறுபக்கத்தையும் மழுப்பக் கூடாது. மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒன்று. ஆணுக்கு நான்கு மணம் வரை அனுமதி; எல்லோரிடமும் நீதமாக நடக்க முடியாதென்று அஞ்சினால் ஒன்றே என்ற நிபந்தனை கூடவே இருக்கிறது, அந்த நிபந்தனையைச் சோதிக்கத்தான் ஆள் இல்லை. கடன் பத்திரச் சாட்சியில் ஓர் ஆணின் இடத்தில் இரண்டு பெண்கள். மணவிலக்கைச் சொல்லும் அதிகாரம் கணவனிடம். மனைவி அதைக் கேட்டுத்தான் பெற வேண்டும்.

இந்த ஏற்றத்தாழ்வுக்கு நூலே ஒரு காரணமும் சொல்கிறது: ஆண் தன் பொருளைச் செலவிடுகிறான். வீட்டுச் செலவு, மனைவியின் உணவு உடை, பிள்ளைகள் எல்லாம் அவன் பொறுப்பு. மனைவி கையில் பணமிருந்தாலும் அதில் காசு கேட்க அவனுக்கு உரிமையில்லை. அந்த ஏற்பாடு நடைமுறையில் இருக்கும்வரை கணக்கு ஓரளவு ஒத்துப்போகும். மகளின் ஒரு பங்கு அவளுக்கே, மகனின் இரண்டு பங்கு குடும்பத்துக்கு. ஆனால் தாராவிச் சந்துகளில் தைத்தும் கோத்தும் ஒட்டியும் வாடகை கட்டுவது யார்? வீட்டுக் கூலிவேலையில் அடுப்பெரிக்கும் பெண்ணிடம் போய், ஆண் உன்னைப் பராமரிப்பதால் அவனுக்கு இரட்டைப் பங்கு என்று எந்த முகத்தோடு சொல்வது? ஒப்பந்தத்தில் தன் கடமை எழுதிய பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு உரிமை எழுதிய பக்கத்தை மட்டும் நீட்டுகிறவனோடு எந்த வியாபாரியும் கணக்கு வைத்துக்கொள்ள மாட்டான். பராமரிப்பை நிபந்தனையாக வைத்துக் கொடுக்கப்பட்ட மேல்நிலை, பராமரிப்பு நின்ற இடத்தில் தானும் நிற்க வேண்டும். இந்த வாதத்துக்கு வெளியிலிருந்து ஆதாரம் தேவையில்லை. அது மார்க்கத்தின் தர்க்கத்திலேயே இருக்கிறது.

தாராவியின் பெரிய பள்ளிவாசல் 1887இல் எழுந்தது. அதைக் கட்டியவர்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்த தமிழ் முஸ்லிம்கள். இப்படி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் நிக்காஹ் நடக்கும் முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். மாப்பிள்ளை சபையில் உட்கார்ந்திருப்பார். பெண் உள்ளறையில். அவள் காப்பாளரான வலியும் இரண்டு சாட்சிகளும் அவளிடம் போய், இன்னாருடைய மகன் இன்னாருக்கு, இன்ன மஹருக்கு உன்னை மணமுடித்துத் தரச் சம்மதமா என்று கேட்பார்கள். சுற்றிலும் பெண்கள் நெருக்கியடித்து நிற்க, தலை குனிந்தபடி அவள் சொல்லும் 'சம்மதம்' பல நேரம் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. ஏட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சபைக்குத் திரும்புவார்கள். ஹஜ்ரத் குத்பா ஓதுவார், மஹர் தொகையைச் சபையறியச் சொல்வார்கள், துஆவோடு நிக்காஹ் முடியும். ஏடு ஜமாஅத் அலமாரிக்குப் போய்விடும். சட்டப்படி பார்த்தால் இது ஓர் ஒப்பந்தம். கட்டுப்படுகிற இரண்டு பேரில் ஒருவர் சபையில் இல்லை. ஒப்பந்தத்தின் நகல் அவள் கையிலும் இல்லை.

மஹர் சில நூறு ரூபாயாகவும் கைக்கூலி என்ற வரதட்சணை லட்சக் கணக்கிலும் பேசப்பட்ட திருமணங்கள் தமிழ் முஸ்லிம்களிடையே எத்தனையோ. மார்க்கம் ஆணைக் கொடுக்கச் சொன்னது, ஊர் அவனை வாங்கப் பழக்கியது. இதை எதிர்த்துத் தமிழ்நாட்டுத் தவ்ஹீத் இயக்கத்தார் வரதட்சணை வாங்கும் திருமணங்களைப் புறக்கணித்தார்கள், பெண்களுக்குப் பள்ளிவாசலில் தொழ இடம் கொடுத்தார்கள். அவர்களுடைய மற்றக் கருத்துகள் பலவற்றில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் இந்த இரண்டு காரியத்துக்கும் உரிய மதிப்பைத் தந்தாக வேண்டும். வழக்கம் என்றாலே பெண்ணுக்குக் கேடு என்றும் முடிவுகட்ட முடியாது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மகளுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே வரவழைக்கும் ஊர் வழக்கம், வாரிசுச் சட்டம் தரும் பாதிப் பங்கைவிட அவளுக்கு உறுதியான காலடி நிலத்தைத் தருகிறது. கணவனோடு மனத்தாங்கல் வந்தால் அங்கே வீட்டைவிட்டு வெளியேற வேண்டியவள் அவளல்ல.

பாரதிய முஸ்லிம் மகிளா ஆந்தோலன் பத்து மாநிலங்களில் 4,710 முஸ்லிம் பெண்களிடம் நடத்திய ஆய்வை 2015இல் வெளியிட்டது. 82 விழுக்காட்டினர் பெயரில் எந்தச் சொத்தும் இல்லை. சுமார் 40 விழுக்காட்டினருக்கு மஹர் ஆயிரம் ரூபாய்க்கும் கீழே. வாய்மொழித் தலாக்கை ஒழிக்க வேண்டும் என்றவர்கள் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல். சீர்திருத்தம் கேட்டுப் போராடும் ஓர் அமைப்பே எடுத்த ஆய்வு, பேசியவர்களில் பெரும்பாலோர் ஏழைகள் என்பதையும் சேர்த்தே இதை எடை போட வேண்டும். அப்படிப் போட்டாலும் முதல் எண் என்னை உறுத்துகிறது. பெண்ணுக்குச் சொத்துரிமை உண்டென்று ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகப் பெருமைப்படும் ஒரு சமூகத்தில், கேட்கப்பட்ட பெண்களில் ஐந்தில் நான்கு பேர் கையில் ஒன்றுமில்லை.

மார்க்க அறிஞர்களான ஆலிம்களால் சட்டத்தை மாற்றவே முடியாது என்பவர்களுக்கு வரலாறு வேறு பதில் சொல்கிறது. 1864இல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில் ஷாஃபி சட்டப் பிரிவைச் சேர்ந்த ஒரு வீட்டுப் பெண், தகப்பன் சம்மதமில்லாமல் மணம் செய்திருந்தாள். ஷாஃபி சட்டத்தில் வலி இல்லாமல் அது செல்லாது. மற்றொரு பிரிவான ஹனஃபி சட்டத்தில் பருவமடைந்த பெண் தானே மணமுடித்துக்கொள்ளலாம். அவள் ஹனஃபி வழியைத் தேர்ந்துகொள்ள உரிமையுண்டு என்றது நீதிமன்றம். கரையோரத் தமிழ் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபிகள் என்பதால் இந்தத் தீர்ப்பின் கனம் நமக்கு எளிதில் புரியும். 1930களில் நிலைமை இன்னும் கடுமையானது. ஹனஃபி சட்டப்படி விடுதலை கிடைக்காத பெண்கள், திருமணத்தை முறிக்க மதத்தையே விட்டுப் போகத் தொடங்கினார்கள். அப்போது மௌலானா அஷ்ரஃப் அலி தானவி மாலிகி சட்டத்திலிருந்து விதிகளை எடுத்தாண்டு ஃபத்வா தொகுத்தார். 1939ஆம் ஆண்டு முஸ்லிம் மணமுறிவுச் சட்டம் அதன் வழியே வந்தது. கணவன் நான்கு ஆண்டு காணாமல் போனாலும், இரண்டு ஆண்டு செலவுக்குத் தராவிட்டாலும், கொடுமை செய்தாலும் மனைவி நீதிமன்றத்தில் விடுதலை பெறலாம். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் வந்த ஷரீஅத் சட்டம், 1847இல் கோஜாப் பெண்களைத் தோற்கடித்த அந்த வழக்கத்தை முஸ்லிம்களின் வாரிசு விஷயத்தில் பெரும்பாலும் ஒதுக்கித் தள்ளியது. பெண்கள் மதத்தை விட்டுப் போவார்கள் என்ற அச்சம் வந்தவுடன் வழி கண்டுபிடித்த அறிஞர் கூட்டம், அவர்கள் உள்ளேயே இருந்து அழுதபோது எண்பது ஆண்டு வழி தேடவில்லை. நான் வைக்கும் கடுமையான குற்றச்சாட்டு இதுதான்.

முத்தலாக் கதை இதற்குச் சான்று. ஒரே மூச்சில் சொல்லும் தலாக் மார்க்க அறத்தில் கெட்டது, ஆனால் சட்டத்தில் செல்லும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1905இல் சொன்னது. 1966 ஏப்ரல் 18 அன்று சீர்திருத்தவாதி ஹமீத் தல்வாயின் தூண்டுதலில் ஏழு முஸ்லிம் பெண்கள் பம்பாய்ச் சட்டமன்றக் கட்டடத்துக்கு ஊர்வலமாகப் போய் அதை ஒழிக்கக் கேட்டார்கள். 1972 டிசம்பரில் இதே ஊரில் கூடிய மாநாட்டிலிருந்து அகில இந்திய முஸ்லிம் தனியார் சட்ட வாரியம் பிறந்தது. 2017இல் உச்ச நீதிமன்றத்தில் அந்த வாரியம் நின்ற நிலை என்ன? முத்தலாக் பாவம், ஆனால் செல்லும். 1905இல் ஆங்கிலேய நீதிமன்றம் சொன்ன இடத்திலிருந்து ஓர் அடிகூட நகரவில்லை. 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அதைச் செல்லாதென்றது.

இதில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. காரணமில்லாமல், சமரச முயற்சியில்லாமல் சொன்ன தலாக் செல்லாது என்று பம்பாய் உயர் நீதிமன்ற முழு அமர்வும் உச்ச நீதிமன்றமும் 2002லேயே சொல்லிவிட்டிருந்தன. பதினைந்து ஆண்டு அந்தத் தீர்ப்புகள் சந்துக்குள் வந்து சேரவில்லை. பிறகு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டமோ செல்லாத சொல்லைச் சொன்னவனுக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. மும்பையில் இயங்கும் ஆவாஸ்-ஏ-நிஸ்வான், பேபாக் கலெக்டிவ் போன்ற பெண்கள் அமைப்புகளே இந்தத் தண்டனையை எதிர்த்தன. சிறைக்குப் போனவன் செலவுக்கு எப்படித் தருவான் என்ற அவர்கள் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை. தலாக் என்ற சொல்லையே உச்சரிக்காமல் மனைவியைத் தாய்வீட்டில் விட்டுவிட்டுப் போனவனை இந்தச் சட்டம் தொடவும் தொடாது. தடை சரி, தண்டனை தவறு என்பதே என் நிலை. 2024 ஜூலை 10 அன்று, மணவிலக்கான முஸ்லிம் பெண்ணும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவளுக்குச் சிறைத் தண்டனையைவிட அதிகம் உதவக்கூடியது அதுதான்.

இனி ஹாஜி அலி. வொர்லிக் கடலுக்குள், அலை ஏறும்போது மூழ்கிவிடும் நடைபாதையின் முனையில் நிற்கும் தர்கா அது. பெண்கள் உள்ளே மஜார் எனும் அடக்கம் வரை போய்ச் சாதர் போர்த்தி வேண்டிக்கொண்டு வந்தார்கள். 2012இல் போனவர்களை ஒரு தடுப்பு நிறுத்தியது. ஆந்தோலனின் நூர்ஜஹான் சஃபியா நியாஸும் ஜாகியா சோமனும் காரணம் கேட்டார்கள். அகன்ற கழுத்துள்ள ரவிக்கையோடு பெண்கள் மஜார் மேல் குனிகிறார்கள், பெண்களின் பாதுகாப்புக்காக, முன்பு ஷரீஅத் தெரியாமல் தவறாக அனுமதித்துவிட்டோம் என்று காரணங்கள் வந்தன. ஆண் மகானின் அடக்கத்துக்கு அருகில் பெண் வருவது பெரும்பாவம் என்பது நீதிமன்றத்தில் அறக்கட்டளை வைத்த வாதம். மாஹிமில் மகான் மக்தூம் அலி மஹாயிமியின் அடக்கத்துக்குப் பக்கத்திலேயே அவருடைய தாயார் அடக்கமாகியிருக்கிறார் என்பதை இந்த ஊரில் அறியாதவர் குறைவு. தர்கா வழிபாடே கூடாது என்பவர்கள் உண்டு. அவர்கள் ஆணையும் சேர்த்தே தடுப்பார்கள், அதில் ஒரு நேர்மை இருக்கிறது. அறக்கட்டளை தடுத்தது பெண்ணை மட்டும்.

2016 ஆகஸ்ட் 26 அன்று நீதிபதிகள் கானடே, ரேவதி மோஹிதே டேரே அமர்வு தடையை நீக்கியது. 2012 வரை பெண்கள் உள்ளே போய்வந்த இடத்தில் தடையை மதத்தின் அவசியக் கூறு என்று எப்படிச் சொல்ல முடியும் என்ற கேள்வி அறக்கட்டளையின் வாதத்தைச் சாய்த்தது. அறக்கட்டளை உச்ச நீதிமன்றம் போய், பிறகு அங்கே இணங்கியது. நவம்பர் 29 அன்று பெண்கள் மீண்டும் உள்ளே போனார்கள். புதிய ஏற்பாட்டில் ஆணும் பெண்ணும் மஜாரிலிருந்து ஒரே தூரத்தில்.

தீர்ப்பு சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. அது நடந்துவந்த பாதைதான் கவலை தருகிறது. 'இது மதத்தின் அவசியக் கூறா' என்று நீதிபதி ஹதீஸ் நூல்களைப் புரட்டிப் பார்க்கும் முறை, எட்டு ஆண்டு கழித்துச் செம்பூரில் வேறு பெண்கள் மேல் விழுந்தது.

செம்பூரின் ஆச்சாரியா மராத்தே கல்லூரி 2024இல் ஹிஜாப், நகாப், புர்கா, தொப்பி, பேட்ஜ் எல்லாவற்றையும் விலக்கி உடைவிதி போட்டது. அறிவியல் படித்துக்கொண்டிருந்த ஒன்பது மாணவிகள் வழக்குப் போட்டார்கள். ஜூன் 26 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஹிஜாப் அவசியக் கூறு என்பதற்கு ஒரு குர்ஆன் மொழிபெயர்ப்பையும் ஒரு ஹதீஸ் தொகுப்பையும் தவிர வேறு ஆவணம் தரவில்லை என்பது காரணங்களில் ஒன்று. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதியைப் பகுதியாக நிறுத்திவைத்தது. பெயரே மதத்தைக் காட்டிவிடாதா, பொட்டையும் திலகத்தையும் தடுப்பீர்களா என்று நீதிபதிகள் கேட்டார்கள். முகத்தை மூடும் உடைக்கு மட்டும் வகுப்பறையில் இடமில்லை என்று விட்டார்கள்.

ஹிஜாப் அந்தப் பெண்ணின் தேர்வுதானா, வீட்டார் திணிப்பா என்ற கேள்வியை நான் லேசாகத் தள்ளவில்லை. திணிக்கும் வீடுகள் உண்டு. அதைத் தலையில் போடாவிட்டால் கல்லூரி இல்லை என்று சொல்லும் அண்ணன்மார்களும் உண்டு. ஆனால் திணிப்பவனிடமிருந்து விலகி நிற்க அவளுக்கு உதவுவது பட்டமும் வேலையும். கல்லூரி வாசலில் அவளைத் திருப்பி அனுப்பினால் அவள் போய்ச் சேரும் இடம் அதே வீடு. மற்ற முஸ்லிம் மாணவிகள் மகிழ்ச்சியாக வருகிறார்களே என்ற கல்லூரித் தரப்பு வாதமும் நிற்காது. ஒன்பது பேரின் உரிமையை மற்றவர்களின் இணக்கத்தைக் கொண்டு எண்ணிக் கழிக்க முடியாது. 2022இல் கர்நாடக ஹிஜாப் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் பிளவுபட்டபோது, இதில் அவசியக் கூறு என்ற ஆராய்ச்சியே தேவையில்லை, இது அவளுடைய தேர்வு என்றார் நீதிபதி சுதான்ஷு தூலியா. எனக்கு அந்த வழியே நேர்வழியாகப் படுகிறது. ஹாஜி அலியிலும் அதே வழியில் நடந்திருந்தால் அதே முடிவு கிடைத்திருக்கும். ஆணுக்குத் திறந்த கதவு பெண்ணுக்கும் திறக்க வேண்டும், அதற்கு ஹதீஸ் ஆராய்ச்சி எதற்கு?

நான் வந்து சேரும் முடிவு இது. மார்க்க நூல் பெண்ணைச் சொத்துடைய, சம்மதம் கேட்கப்பட வேண்டிய, ஒப்பந்தம் செய்யும் ஆளாக ஏற்றுக்கொண்டது. அதன் காலத்துக்கு அது பெரிய காரியம். மணவிலக்கிலும் பலதாரத்திலும் வாரிசிலும் ஆணுக்கு ஒரு படி மேலே இடம் கொடுத்தது. அந்தப் படிக்கு அடியில் வைத்த நிபந்தனை இன்று பெரும்பாலும் நிறைவேறவில்லை. ஆகவே அந்தப் படியும் இறங்கியாக வேண்டும். பெரிய குற்றம் இடையில் நிற்பவர்களுடையது. ஏட்டைப் பூட்டி வைக்கும் ஜமாஅத், பாவம் ஆனால் செல்லும் என்ற வாரியம், தடுப்பு போட்ட அறக்கட்டளை, சிறையைக் காட்டிவிட்டுச் செலவுக்கு வழி சொல்லாத அரசு, ஒழுங்கின் பெயரில் வாசலை மூடிய கல்லூரி எல்லோருக்கும் அதில் பங்குண்டு. புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் உருவாக்கிய பெண்கள் ஜமாஅத்தும், மும்பையில் 2013 முதல் ஆந்தோலன் நடத்திவரும் பெண்களின் ஷரீஅத் அதாலத்தும் அவர்கள் பயிற்றுவித்த பெண் காஜிகளும் இடையில் நிற்கும் அந்த இடத்தைத்தான் கேட்கிறார்கள்.

இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மணவிலக்கு உரிமையை மனைவிக்கு ஒப்படைக்கும் தஃப்வீஸ் என்ற ஏற்பாட்டை ஹனஃபி சட்டம் பழங்காலத்திலிருந்தே ஏற்கிறது, இந்திய நீதிமன்றங்களும் ஏற்றிருக்கின்றன. பாகிஸ்தானின் நிக்காஹ்நாமாவில் பதினெட்டாவது கட்டம் அதற்கென்றே அச்சிடப்பட்டிருக்கிறது. கணவன் அந்த உரிமையைத் தந்தானா என்று எழுத வேண்டும். அங்கேயும் பல இடங்களில் பெண்ணைக் கேட்காமலே அந்தக் கட்டத்தில் கோடு கிழித்துவிடுகிறார்கள். தாராவி ஜமாஅத்துகள் தங்கள் ஏட்டில் அப்படி ஒரு கட்டத்தைச் சேர்த்து, பெண் முன்னிலையில் வாசித்து, மஹரைத் தங்க எடையில் எழுதி, நகலை நிக்காஹ் நாளன்றே அவள் கையில் கொடுக்கட்டும். அதற்கு உச்ச நீதிமன்றத்தின் அனுமதி வேண்டியதில்லை, ஃபத்வாவும் வேண்டியதில்லை. அடுத்த நிக்காஹிலிருந்தே செய்யலாம்.